வானவில்லை நியூட்டனுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் வானவில் பற்றிய கட்டுரை படித்தேன். காரணத்தைக் கண்டுபிடித்தவர் நியூட்டன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு படம்: மலைமேல் வானவில், அதற்குள்ளிருந்து சூரியன் எட்டிப் பார்க்கிறது. வரி பாதி சரி. படம் முழுக்கத் தப்பு.

வில் தெரிய வேண்டுமென்றால் சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்; 42 பாகை உயரத்துக்குக் கீழேயும் இறங்கியிருக்க வேண்டும். நம் மலேசியாவில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் மணி வாக்கில்தான். அந்த உயரத்துக்கு அது இறங்க மாலை நாலு, நாலரை ஆகிவிடும். இங்கே சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழை விட்டதும் கிழக்கே மலைப்பக்கம் வில் தெரிவதும், மத்தியான மழையில் தெரியாமல் போவதும் இதனால்தான்.

சரி, வரிக்கு வருகிறேன். மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளிதான் வானவில் என்றார் அரிஸ்டாட்டில். அந்தக் கருத்து ரொம்ப காலம் நின்றது. 1300-களின் தொடக்கத்தில்தான் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும் ஜெர்மனியில் தியோடோரிக் என்ற துறவியும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே வேலையைச் செய்தார்கள். மழைத்துளிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் உருண்டைக் கண்ணாடிக் கலத்தில் நீர் நிரப்பி, அதையே பெரிய துளியாக வைத்துக்கொண்டார்கள். ஒளி உள்ளே நுழையும்போது வளைகிறது, பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது, வெளியேறும்போது மறுபடியும் வளைகிறது. வானவில்லின் அடிப்படை இவ்வளவுதான். அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதமின் ஒளியியல் நூலை ஊன்றிப் படித்தவர் அல்-ஃபாரிசி. அவர் பெயர் நம் பிள்ளைகளின் காதில் விழுவதே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

துளிக்குள் போன கதிர்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, அவை சூரியனுக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து 42 பாகை அருகே நெருக்கமாகக் குவிகின்றன என்று 1637-இல் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட். துளிக்குள் இரண்டு முறை திரும்பும் ஒளிதான் மேலே மங்கலாகத் தெரியும் இரண்டாவது வில்லைத் தருகிறது. நிறங்கள் ஏன் பிரிகின்றன என்பதற்குத்தான் அவரிடம் சரியான விடை இல்லை. அதைக் கொடுத்தவர் நியூட்டன்: ஒவ்வொரு நிறமும் வளையும் அளவு வேறு; அதனால் வில்லில் சிவப்பு 42 பாகையிலும் ஊதா 40 பாகையிலும் தெரிகின்றன.

அவரோடும் கதை முடியவில்லை. நல்ல வில்லின் உள்விளிம்பை ஒட்டி மெல்லிய கோடுகள் சில சமயம் தெரியும். நியூட்டனின் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. ஒளி அலை என்று கொண்டு 1803-இல் தாமஸ் யங் அவற்றை விளக்கினார். அப்புறம் 1838-இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அந்தக் கணக்கைச் செம்மைப்படுத்தினார்.

மாணவர் பகுதிக்கு இவ்வளவும் வேண்டாம்தான். ஆனால் அந்த நீர்க்கல சோதனையைப் படத்தோடு போடலாம். எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் செய்து பார்க்கக்கூடியது. சூரியனை மட்டும் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்