மூன்றாவது தவளை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்குத் தவளைகள்தான் காரணம். சிரிக்காதே.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கொல்லைக்குப் பின்னால் வயலில் ராத்திரி முழுக்கக் கச்சேரி. இதை வைத்து ஒரு இசைத் துண்டு செய்யலாம் என்று தோன்றியது. முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ரெக்கார்டரை வரப்பில் வைத்துப் பதிந்து, மேலே சிந்தசைசரை இழுத்துவிட்டு, நிறைய எக்கோ. போட்டுக் கேட்டால் மசாஜ் நிலையத்தில் ஓடவிடும் இசை மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் வரப்பிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தவளைகள் ஒன்றாகக் கத்துவதில்லை. ஒன்று விடும் இடைவெளியில்தான் மற்றது நுழைகிறது. ஜப்பானில் மரத்தவளைகளை வைத்து இதை ஆராய்ந்தே இருக்கிறார்கள். சத்தத்தை விட்டுவிட்டு இந்த விதியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

மில்லர் பக்கெட் எழுதிய ப்யூர் டேட்டா என்ற இசை மென்பொருள் இலவசம்தானே, அதில் இரண்டு ஆசிலேட்டர் போட்டேன், சீராகத் துடித்துக்கொண்டே இருப்பவை. தனித்தனியாகத் துடிப்பவை எப்படி ஒன்றாகச் சேர்கின்றன என்பதற்கு ஜப்பானிய இயற்பியலாளர் குராமோட்டோ 1975-இல் ஒரு சமன்பாடு கொடுத்தார். அதில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக்கினால் சேர வேண்டியவை விலகும். விலகின. தக, தக, தக. சரி, மூன்றாவதையும் விட்டுப் பார்ப்போம் என்றால், மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நேரெதிராக நிற்க முடியாதே! கொஞ்ச நேரம் முட்டி மோதிவிட்டுச் சுற்றை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன, ஆளுக்கு 120 டிகிரி. தகிட, தகிட. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, சேகர். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகச் சிரித்தேன்.

ஆனால் படிந்த பிறகு அரை நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. சுவையெல்லாம் அந்த முட்டல் மோதலில்தான். அதனால் அவ்வப்போது ஒன்றை வாயடைக்க வைக்கிறேன். மற்ற இரண்டும் தடுமாறி மறுபடி ‘தக, தக’வுக்கு வரும். அது திரும்பியதும் மறுபடி சண்டை. அம்மா மட்டும், "இன்வெர்ட்டர் கத்துது, போய்ப் பாரு" என்றாள். சுருதியை இறக்கிவிட்டேன்.

ஏழு நிமிடத் துண்டை அனுப்பியிருக்கிறேன். நீ ஆறு வருஷம் மிருதங்கம் படித்தவன். நாலாவது நிமிடத்தில் மூன்றாவது நுழையும் இடம் உன் காதுக்குத் தாளமாகக் கேட்கிறதா, தப்பாகக் கேட்கிறதா? தயவு தாட்சண்யம் வேண்டாம்.

மகளுக்குப் பல் கம்பி மாட்டியாகிவிட்டதா? பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்போது இங்கே அறுவடை மெஷின் சத்தம்தான் இருக்கும். கார்த்திகைக்குள் வா.

உன்,
முரளி