மோட்டார் மீது புகார் இல்லை

அனுப்புநர்: உங்கள் மோட்டார் வாடிக்கையாளர், மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.
பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள், தலைமை அலுவலகம்.
நாள்: 22.04.2024
பொருள்: தேர்தல் பத்திரம் வாங்கியதற்கு விளக்கம் கேட்பது தொடர்பாக.

ஐயா,

2018-ல் உங்கள் கம்பெனியின் 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் வாங்கினேன். போர்வெல்லில் இறக்கி ஆறு வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூடக் காயில் போனதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காமல் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போன 2019-லும் என் குறுவையைக் காப்பாற்றியது அதுதான். ஆகவே மோட்டார் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. புகார் உங்கள் மேல்தான்.

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தைப் பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச்சில் தேர்தல் ஆணையம் பத்திரம் வாங்கியவர்கள் பட்டியலை வெளியிட்டதும் என் மகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம மோட்டார் கம்பெனி பேரும் இருக்கு" என்றான். எல்லாம் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள், வாங்கியது 2020 அக்டோபரில். அடுத்த வாரம் பத்திர எண்களும் வெளிவந்தன. வாங்கியவர் எண்ணையும் பணமாக்கிய கட்சியின் எண்ணையும் ஒத்துப் பார்த்தால், ஆட்சியில் இருப்பவர்களுக்கே போயிருக்கிறது. நீங்கள் பத்திரம் வாங்கியதற்கு முந்தின மாதம்தான் மூன்று வேளாண் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அவற்றைப் பாராட்டி உங்கள் முதலாளி பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்ததை நான் மறக்கவில்லை. அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறச் சொல்லி டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்கள் விவசாயிகள். உங்களிடம் மோட்டார் வாங்குகிறவர்களும் விவசாயிகள்தானே?

சேவை எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். "எல்லாம் சட்டப்படிதான் சார்" என்றது ஒரு பெண். பாவம், அதற்கு என்ன தெரியும். கம்பெனிகள் சட்டம் 182-ஆவது பிரிவில் 2017 வரை ஒரு வரம்பு இருந்தது: மூன்று வருஷ சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது. எந்தக் கட்சிக்கு என்பதையும் கணக்கில் காட்ட வேண்டும். 2017-ல் இரண்டையும் நீக்கினார்கள். பத்திரம் வாங்கியபோது, சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கவில்லை, சரி. சொல்லாதே என்று யாராவது வாயைப் பொத்தினார்களா?

ரெய்டுக்குப் பயந்து கொடுத்திருந்தால் அதையாவது சொல்லுங்கள், எனக்குப் புரியும். கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு இவ்வளவு என்று நானும்தான் அழுகிறேன். கொடுக்காவிட்டால் களத்தில் கிடக்கும் நெல் மழையில் முளைத்துவிடும். ஆனால் அதை டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லித் திட்டுகிறேன். எடை போடுகிறவருக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்தவில்லை.

வரும் ஆண்டறிக்கையில் கட்சியின் பெயர், தொகை, கொடுத்த காரணம் மூன்றையும் அச்சிட வேண்டும். அந்த விளம்பரத்துக்கும் முதலாளி பதில் சொல்ல வேண்டும்.

என் தம்பியின் போர்வெல்லுக்கு 7.5 எச்.பி. மோட்டார் ஒன்றுக்கு உங்கள் டீலரிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பில் போடாமல் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வைகாசியில் நாற்று விட வேண்டும், அதற்குள் பதில் வராவிட்டால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவதாக இருக்கிறேன். அந்தக் கம்பெனி பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று மகன் தேடிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்