நித்யாவின் படிப்பு விஷயமாக

அன்புள்ள வசந்தி,

உன் கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து இந்த ஒன்றுதான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். எல்லோரும் சௌக்கியம். ஜம்பு மாமா மட்டும் மாறவே இல்லை, அதே குடை.

நித்யாவுக்கு வெளியுறவுத் துறை ஆசை, அதிலும் வட கொரியா மாதிரி கதவைச் சாத்திக்கொண்ட நாடுகளோடு பேச ஆசை என்று எழுதியிருக்கிறாய். அவள் அப்பா பிசிக்ஸ் என்கிறார், நீ வரலாறு என்கிறாய். இரண்டு பேரும் பாதி சரி. பாதி சரியானவர்களோடு வாதாடுவதுதான் பெரும்பாடு.

1992-ல் நடந்ததைப் பார். யோங்பியோன் என்ற தன் அணு உலை வளாகத்தில் ஒரே ஒரு தடவை, 1990-ல், சுமார் 90 கிராம் புளூட்டோனியம் (அணுகுண்டுக்கான மூலப்பொருள்) பிரித்தோம் என்று வட கொரியா கணக்குக் கொடுத்தது. சர்வதேச அணுசக்தி முகமை ஆய்வாளர்கள் அங்கே துணியால் துடைத்தெடுத்த தூசியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புளூட்டோனியம்-241 தானாகச் சிதைந்து அமெரிசியம்-241 ஆகும். பாதி சிதைய ஏறக்குறைய 14 வருஷம். வேதிமுறையில் பிரிக்கும்போது அமெரிசியம் போய்விடும், பிறகு புதிதாகச் சேர ஆரம்பிக்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் எப்போது பிரித்தார்கள் என்பது தெரிந்துவிடும். வந்த விடை ஒரு வருஷம் அல்ல: 1989, 1990, 1991. பொய் பிடிபட்டது. உன் வீட்டுக்காரர் இதுவரை படித்துவிட்டு மீசையை முறுக்குவார். முறுக்கட்டும், அடுத்த பத்தியை உரக்கப் படித்துக் காட்டு.

பொய்யைப் பிடித்து என்ன ஆயிற்று? 1993 பிப்ரவரியில் முகமை சிறப்பு ஆய்வு கேட்டது. மார்ச் 12 அன்று, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்தே விலகுகிறோம் என்று வட கொரியர்கள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். பத்தாவது ஷரத்துப்படி மூன்று மாத முன்னறிவிப்பு. இதற்கு மேல் எந்தக் கருவியும் உதவாது. முகம் கெடாமல் திரும்பி வர ஒரு வழியை எழுதித் தர ஆள் வேண்டும். நியூயார்க்கில் அமெரிக்கத் தரப்பில் ராபர்ட் கலூச்சியும் வட கொரியத் தரப்பில் காங் சோக் ஜூவும் பேசி முடித்த கூட்டறிக்கை அதைத்தான் செய்தது: அவசியம் என்று தான் கருதும்வரை விலகலை வட கொரியா தானாகவே நிறுத்தி வைக்கிறது. தேதி ஜூன் 11. கெடுவுக்கு ஒரு நாள் பாக்கி.

கவனி, நோட்டீஸை ரத்து செய்யவில்லை. 2003 ஜனவரி 10 அன்று, மிச்சமிருப்பது அந்த ஒரு நாள்தான் என்று சொல்லி, மறுநாளே வெளியேறிவிட்டதாக அறிவித்தார்கள். அப்படி எண்ணலாமா என்று சட்டம் படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 1993-ல் அதைவிட நல்ல வாசகம் கிடைத்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கிடைத்த வாசகத்தில் என்ன ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதும் படிப்புதான்.

ஈரானோடு 2015-ல் அணுத் திட்ட ஒப்பந்தம் பேசிய அமெரிக்கக் குழுவை நடத்திய வெண்டி ஷெர்மன் சமூகப் பணியில் முதுகலை படித்தவர். யுரேனியத்தைச் சுழற்றிச் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ் கணக்கு வந்ததும் எர்னஸ்ட் மோனிஸைக் கூப்பிட வேண்டியிருந்தது, அவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். எதிரே உட்கார்ந்த ஈரானின் அணுசக்தித் துறைத் தலைவர் சாலேஹி அதே எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கியவர். யுரேனியம் 3.67 சதவீதச் செறிவைத் தாண்டக் கூடாது, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற எண்களெல்லாம் அப்படிப் பேசித் தீர்த்தவை.

என் யோசனை இது. பள்ளியில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் எடுக்கட்டும். பட்டம் முடித்தபின் அறிவியலிலிருந்து வரலாற்றுக்கு வரலாம்; கணக்கை விட்டவள் திரும்பிப் போவது ரொம்பக் கஷ்டம். ஆனால் எழுத்துப் பயிற்சியை அதுவரை ஒத்திப்போடக் கூடாது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் மொத்தமே 11 ஷரத்துகள். பத்தாவதை எடுத்து, விலகும் நாட்டின் வக்கீலாக ஒரு பக்கம் எழுதட்டும். பிறகு எதிர்த்தரப்பாக அதைக் கிழித்து இன்னொரு பக்கம். மாசம் ஒரு ஷரத்து போதும். கொரிய மொழியையும் இப்போதே தொடங்கட்டும். அமெரிக்கா தன் தூதரக ஊழியர்களுக்கே அதற்கு 88 வாரம் ஒதுக்குகிறது, அதுவும் முழுநேர வகுப்பு.

பொறுமையையும் யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை. ஸ்வீடன் 1970-களில் வட கொரியாவுக்கு ஆயிரம் வோல்வோ கார் விற்றது. பணம் இன்றுவரை வரவில்லை, நினைவூட்டல் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. (ஜம்பு மாமாவிடம் இதைச் சொல்லிவிடாதே.) ஆனாலும் 1975-ல் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் திறந்த தூதரகத்தை ஸ்வீடன் விட்டுவிடவில்லை, தூதரகமே இல்லாத அமெரிக்கா, அங்கே மாட்டிக்கொண்ட தன் ஆட்களைப் பார்க்க ஸ்வீடனைத்தான் நம்பியிருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது, வசந்தி. உன் கடிதங்களில் உன் வீட்டுக்காரர் சொன்னது ஒரு பக்கம், நீ சொன்னது இரண்டு பக்கம் இருக்கிறது. நித்யா என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. கணக்கு அவளுக்கு நிஜமாகவே கசந்தால் நான் மேலே எழுதியதை விட்டுவிடு. வேண்டாவெறுப்பாகப் படித்த பிசிக்ஸ் அந்தப் பேச்சுவார்த்தை மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அவளையே எனக்கு எழுதச் சொல். தயவுசெய்து நீ திருத்தாமல் அனுப்பு.

அன்புடன்,
கமலா