அரை மணி செஷனுக்கு முன்னும் பின்னும்

குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி மையங்களை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் செஷன் என்றால் ஸ்பீச் தெரபிஸ்டுகளான எங்களுக்கு வேலை குறைவு என்று நீங்களே கணக்குப் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு குழந்தைகளைக் கூடுதலாகச் சேர்த்துவிடுகிறீர்கள். நான் முன்பு வேலை பார்த்த மையம் ஒன்றில் இரண்டு செஷனுக்கு நடுவே மூச்சுவிட ஐந்து நிமிடம்கூடக் கிடையாது. கேட்டால், "உட்கார்ந்த இடத்தில்தானே பார்க்கிறீர்கள்" என்பார்கள்.

உட்கார்ந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நான்கு வயதுப் பையன் ஒருவன், "காக்கா" சொல்லச் சொன்னால் "தாத்தா" என்பான். அடிநாக்கு எழ வேண்டிய இடத்தில் நுனிநாக்கு முந்திக்கொள்கிறது. நேரில் என்றால் மரக்குச்சியால் நுனியை லேசாக அழுத்திப் பிடித்துச் சொல்லவைப்பேன். திரை வழியே என் கை அவன் வாய்க்கு எட்டாது. மல்லாக்கப் படுத்தால் நாக்கு தானாகவே பின்னால் சரியும் என்பதால், அவனைப் படுக்கவைத்துப் போனை மேலிருந்து பிடிக்குமாறு அவன் அம்மாவிடம் சொன்னேன். முதல் தடவை எனக்குத் தெரிந்தது மூக்குத் துவாரம் மட்டும்தான். மூன்றாவது தடவை, டார்ச் வெளிச்சத்தில், நாக்கு பின்னால் எழும்பி 'க்' வந்தது. "வந்துடுச்சு!" என்று முதலில் கத்தியது நானல்ல, அவன் அம்மா. இரண்டு ஒலிகளுக்கும் உள்ள வித்தியாசம் அவர் காதில் விழ ஆரம்பித்துவிட்டது. மறுநாளிலிருந்து வாரம் முழுக்கப் பயிற்சி கொடுக்கப்போகிறவர் அவர்தான்.

ஆக, அந்த அரை மணியில் எனக்கு மாணவர் அவன் அம்மாதான். பெரியவர் ஒருவர் மனம் கோணாமல் திருத்துவது எப்படி என்று எனக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. திக்கிப் பேசும் சிறு குழந்தைகளுக்கான லிட்கம் முறை முதலிலிருந்தே பெற்றோர் கையால் நடப்பது. அதனாலேயே திரைக்கு மாறுவது அதற்குச் சுலபமாக இருந்தது. மற்றதையெல்லாம் நாங்கள் தட்டுத்தடுமாறித்தான் மாற்றிக்கொண்டோம்.

காதையும் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. வீடியோ அழைப்பில் இரைச்சலைக் குறைக்கும் வசதி, 'ஸ்' ஒலியையே இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். "பஸ்" என்று குழந்தை சரியாகச் சொல்லியிருந்தாலும் "ப" மட்டும் கேட்கும். அதை நம்பி மதிப்பெண் போட்டால் பாவம் யாருக்கு? அந்த வசதியை அணைக்கச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் போனிலேயே பதிவுசெய்து அனுப்பச் சொல்கிறேன். அதைக் கேட்பதெல்லாம் செஷன் முடிந்த பிறகுதான். ஒலி ஒரு திசையில் போய்ச் சேர 150 மில்லிசெகண்டைத் தாண்டினாலே உரையாடல் தடுமாற ஆரம்பிக்கும். அதனால் "சேர்ந்து சொல்லலாமா" என்பதையே விட்டுவிட்டேன்.

தொலைவழிச் சிகிச்சை பொருத்தமான முறைதான் என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2005லேயே சொல்லிவிட்டது, தரம் நேரில் கொடுப்பதற்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு. விழுங்கச் சிரமப்படும் குழந்தையை முதல் தடவையே திரையில் பார்க்க நான் ஒப்பமாட்டேன். எந்தக் குழந்தைக்கு எது சரி என்பதை வரவேற்பு மேசையில் முடிவுசெய்யாதீர்கள், எங்களைக் கேளுங்கள்.

புதிதாகச் சேருகிற தெரபிஸ்டுகள் முதல் சில வாரம் அனுபவமுள்ளவரின் ஆன்லைன் செஷனில் கூட இருந்து பார்க்கட்டும். அடுத்த மாத அட்டவணையில் ஒவ்வொரு செஷனுக்குப் பின்னும் 15 நிமிடம் விடுங்கள், அதைச் சம்பளக் கணக்கிலும் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் வேலை பார்க்கும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்