பென் டிரைவில் போன குரல்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உடனே பதில் எழுத மனம் ஓடவில்லை.

அப்பா பேசியதைப் பதிவு செய்து ஒரு பென் டிரைவில் வைத்திருந்தேன் அல்லவா? மொத்தம் பதினான்கு பதிவுகள். இடம் போதவில்லை என்று பழைய பில்களை அழித்தபோது அந்தக் கோப்புறையும் சேர்ந்துவிட்டது. 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று விண்டோஸ் கேட்டது. கண் படிப்பதற்குள் விரல் என்டரைத் தட்டிவிட்டது. ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன், காலி. பென் டிரைவில் அழிப்பது அங்கே போவதில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"கணினி நாம் சொன்னதைச் செய்ய வேண்டும், நமக்குப் புத்தி சொல்லக் கூடாது" என்று எழுதியிருந்தாய். பாதி ஒப்புக்கொள்கிறேன். 2007-இல் விண்டோஸின் விஸ்டா பதிப்பு வந்தபோது கடிகார நேரத்தை மாற்றக்கூட அனுமதி கேட்டது. படிக்காமலே 'சரி' என்று அழுத்த அப்போதுதான் பழகினோம். 2009-இல் விண்டோஸ் 7 அந்தத் தொல்லையைக் குறைத்தது. விரலில் ஏறிய பழக்கம் இறங்கவில்லை.

அதனால் இன்னொரு கேள்வி கேட்கச் சொல்லவில்லை. அழித்ததைத் திரும்ப எடுக்க வழி வேண்டும் என்கிறேன். 1983-இல் வந்த ஆப்பிள் லிசா கணினியிலேயே அழித்ததைப் போட்டுவைக்கும் குப்பைத்தொட்டி இருந்தது. விண்டோஸுக்குப் பதிலாக நீ வைத்திருக்கும் லினக்ஸில் கோப்பு மேலாளர் வழியாக அழித்தால், பென் டிரைவிலேயே மறைவாக ஒரு குப்பைக் கோப்புறையை உண்டாக்கி அதில் போட்டுவைக்கிறது. ஆப்பிளின் மேக் கணினியும் அப்படித்தான். செய்ய முடிந்த காரியம்தானே இது? லினக்ஸில் கோப்புகளை அழிக்க நீ கொண்டாடும் ஆர்எம் (rm) கட்டளைகூட, எல்லாக் கோப்புகளையும் அடக்கிய மூலக் கோப்புறையை அழிக்கச் சொன்னால் 2006 முதல் மறுக்கிறது. வேண்டுமென்றே அழிப்பவன் அதற்கென ஒரு நீண்ட சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டும். உன் உரிமை அப்படியே இருக்கிறது, தவறிப்போய் அழிப்பவனும் பிழைக்கிறான். எனக்கு நியாயமாகப் படுவது இதுதான்.

அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும். நல்லவேளையாக அதன் பிறகு பென் டிரைவைத் தொடவில்லை. கடைக்காரத் தம்பி பதினொன்றை மீட்டுக் கொடுத்தார். ஏரி மதகு உடைந்த இரவைப் பற்றி அப்பா சொன்னது போய்விட்டது. நீ வந்திருந்தபோதும் அதைச் சொன்னார், உன் கைப்பேசியில் பதிவு செய்தாய். அந்தப் பழைய கைப்பேசி இருந்தால் தேடிப் பார், சேகர்.

உன்,
முருகேசன்