அந்த அறைக்கு இரண்டு கட்டில் போடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. லடாக் மலையில் நீ கட்டுகிற விருந்தினர் குடிலின் வரைபடத்தைக் கடையில் கொடுத்துப் பெரிய தாளில் எடுத்துவந்தேன். சாப்பாட்டு மேஜையில் விரித்தபடியே கிடக்கிறது, அம்மா தட்டு வைக்க இடமில்லை என்கிறாள்.

ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "தெற்குப் பார்த்தா கட்டுறா?" என்று கேட்டாள். லடாக்கில் தெற்குதான் அடுப்பு என்று சொன்னேன். மார்கழியில் உச்சிவெயில்கூட 35 டிகிரிக்கு மேல் ஏறாது. சாய்ந்து வந்து கண்ணாடி வழியாகப் பின்சுவர் வரைக்கும் விழும். ஆனி மாதம் அதே வெயில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே போய்விடும், நீ நீட்டியிருக்கிற தாழ்வாரம் மறைத்துக்கொள்ளும். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்படித்த மண்சுவர் வைத்திருக்கிறாயே, பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி உள்ளே விடுவதற்கு, அதைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் கட்டி, கொட்டுகிற குளிரிலும் அடுப்பில்லாமல் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீதான் போன வருஷம் சொன்னாய். ராணுவ என்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்த காலத்தில் நாங்கள் குளிருக்குப் பயந்து மண்ணுக்குள் போனோம். வெயிலை உள்ளே கூப்பிடலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

சுவிட்சர்லாந்து மான்ட்டே ரோசா குடில் படத்தையும் பார்த்தேன். அலுமினியப் போர்வையும், தெற்குச் சுவரில் சோலாரும், 120 பேர் படுக்க இடமுமாக நல்ல வேலைதான். ஆனால் அவர்களுக்குச் சாமான் ஹெலிகாப்டரில் போகிறது, உனக்குக் கச்சர், அதாவது கோவேறு கழுதை முதுகில் போக வேண்டும். ஒரு கச்சர் 60, 70 கிலோ சுமக்கும், அவ்வளவுதான். அதிலும் மலை வளைவில் நீளமான மரம் திரும்பாது. கூரைக்குப் பாப்ளார் மரமும் வில்லோ குச்சியும் பள்ளத்தாக்கிலேயே கிடைக்கும் என்று நீ எழுதியிருப்பது சரி. சுடாத மண்கல்லையும் அங்கேயே அறுத்துக் காயவை. மலை ஓடையின் வாய்க்கு எதிரில் மட்டும் கட்டாதே. 2010 ஆகஸ்டில் லேயில் மேகம் உடைத்துக்கொண்டு கொட்டினபோது மண்வீடுகள் கரைந்து போனது உனக்குத் தெரியும். அடியில் கல் கட்டு, மேட்டில் நில்.

சின்னச் சின்ன விஷயம் சில. தண்ணீர்க் குழாயைச் சரிவாகப் போட்டு ராத்திரியில் தண்ணீரை முழுக்க வடித்துவிட வழி வை, ஓரிடத்தில் நின்றாலும் உறைந்து வெடிக்கும். பேட்டரியை வெளியே வைக்காதே, லித்தியம் பேட்டரியை உறைபனிக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும். கக்கூஸ் நம் மாதிரி இல்லாமல் லடாக்கிக்காரர்கள் முறையிலேயே சாம்பலும் மண்ணும் போடுகிற உலர் கக்கூஸ் வைத்திருக்கிறாய், நல்லது. குளிரில் எதுவும் மக்காது, அதனால் இரண்டு குழி வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்து. சமையலுக்குக் குக்கர் கட்டாயம். 4,200 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி லேசில் வேகாது.

இப்போது புக்காரி, அந்தக் கணப்பு அடுப்பு.

வெயில் இல்லாத நாளுக்கு என்று ஹாலில் ஒரு புக்காரி காட்டியிருக்கிறாய். அதற்குக் காற்று எங்கிருந்து வருகிறது? ஜன்னல் இரண்டு கண்ணாடி, கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு, எல்லாம் இறுக்கமாக அடைத்தாகிவிட்டது. சூடு போகக் கூடாது என்று நீ இவ்வளவு நன்றாகக் கட்டக் கட்டத்தான் எனக்கு பயம் கூடுகிறது. சுவரில் ஓட்டை வைத்தேன் என்று சொல்லாதே. காற்று குத்துகிறது என்று ராத்திரி எவனாவது ஒருத்தன் கம்பளிக் காலுறையைச் சுருட்டி அதில் திணித்துவிடுவான். நான் பிடுங்கி எடுத்திருக்கிறேன், பனியில் கட்டை மாதிரி விறைத்து. ஆகவே தரைக்கு அடியில் ஒரு குழாய் கொண்டுவந்து நேராக அடுப்பின் வாய்க்குக் கொடு, கை எட்டாத இடத்தில், வலை போட்டு. புகைக்குழாய் கூரை முகட்டுக்கு மேலே நிற்கட்டும், கரி தட்ட ஒரு சின்ன மூடி இருக்கட்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வரும், குமட்டும், தூக்கம் வரும். அந்த உயரத்துக்குப் புதிதாக வருகிறவனுக்கு மலை ஏறின தலைவலியும் இதே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் அவன் பிரித்துப் பார்க்க மாட்டான். மாத்திரை போட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான். குடியாத்தத்து மாமா விஷயத்தில் நடந்தது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் விழித்திருக்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

அதனால்தான் கேட்கிறேன். விருந்தினர் கூடத்தில் 12 பேருக்கு மேல்தட்டும் கீழ்த்தட்டுமாகப் படுக்கை வரைந்திருக்கிறாய். ஈரச் சப்பாத்து காயத் தனியிடம் இருக்கிறது. மூச்சு நீராகிக் கூரையிலிருந்து சொட்டாமல் இருக்க மரப்பலகைகூட அடித்திருக்கிறாய். எல்லாவற்றையும் யோசித்தவள் குடிலைப் பார்த்துக்கொள்கிறவர் அறையில் மட்டும் ஒரே ஒரு கட்டில் ஏன் போட்டாய்? ஓரத்தில் பென்சிலால், "முதல் குளிர்காலம் ஒருவர் தங்கி வெப்பக் கணக்கு எடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அந்த ஒருவர் யார் என்று எழுதவில்லை. அம்மாவிடம் நான் அந்த வரியைக் காட்டவில்லை.

விருந்தாளி வராத மாதங்களில் அந்த அறையில் இன்னொரு மூச்சு இருக்க வேண்டும், பாப்பா. கீழே கிராமத்திலிருந்து ஒரு அக்காவைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வைத்துக்கொள். மார்க்கா பள்ளத்தாக்குப் பக்கம் வீடுகளில் தங்கியிருக்கிறாய், அந்தப் பெண்களுக்குக் குளிரைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. பணம் திட்டத்தில் இல்லை என்றால் என் பென்ஷனில் தருகிறேன். இது விளையாட்டுப் பேச்சில்லை.

பொங்கலுக்கு வந்துபோனவர்களைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவர்களும் வேறு இடம் முடித்துவிட்டார்கள். அதற்காக நீ போனை எடுக்காமல் இருக்க வேண்டியதில்லை. அம்மா "சாப்டியா" என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். அதை அவள் ஆயாவிடம் காட்டி, "சாப்டாளாம்" என்கிறாள். வேலை இருக்கும், டவர் இருக்காது, எனக்கும் தெரியும். நாங்கள் அதே லடாக்கில் இருந்துகொண்டு ஒரு இன்லாண்டு லெட்டருக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள்தான். ஆனால் எழுதாமல் இருந்ததில்லை.

ஆயா நீ கட்டுகிற வீட்டைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மலைமேல் சத்திரம் கட்டுகிறாளாம் பேத்தி.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு வாங்கி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியிருக்கிறேன், லே ஆபீஸ் விலாசத்துக்கு. ஒன்று கூடத்துக்கு, ஒன்று உன் அறைக்கு. படுக்கிற தலை மட்டத்தில் மாட்டு. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் கூடவே நாலு செட் வைத்திருக்கிறேன். அடியில் அம்மாவின் பருப்புப் பொடி இருக்கிறது, கொட்டிவிடாமல் பிரி. அலாரத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். வந்ததும் அதை அழுத்து, கத்துகிறதா என்று நான் போனில் கேட்க வேண்டும். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு.

புக்காரிக்குத் தரையடிக் குழாய். அறைக்கு இரண்டு கட்டில். திருத்தின வரைபடத்தை அனுப்பு.

உன் அப்பா