முதல் வாரம் கட்டை இறுக்காதீர்கள்: எலும்பு முறிவு வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

‘புத்தூர் கட்டு’ என்று பலகை வைத்திருப்பவர்களுக்கும், குமரி மாவட்டத்து ஆசான்களுக்கும், ஊர்ப்புறங்களில் தப்பை (மூங்கில் பட்டை) வைத்துக் கட்டும் எல்லா வைத்தியர்களுக்கும் வணக்கம்.

மருத்துவமனைகளில் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்க்கும் நாங்கள் இதை எழுதுவது, உங்கள் கடையை மூடச் சொல்வதற்கு அல்ல. காறை எலும்பு, விலா, கால் விரல் ஆகியவற்றின் முறிவு பெரும்பாலும் யார் கட்டினாலும் சேர்ந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பு லேசாக நசுங்கியிருந்தால் மூன்று வாரத்தில் கூடிவிடும். இதில் உங்களுக்கும் பெருமை இல்லை, எங்களுக்கும் இல்லை. எலும்பின் குணம் அப்படி. நாங்கள் பேச வந்தது இறுக்கத்தைப் பற்றி.

அடிபட்ட கை இரண்டு மூன்று நாள் வீங்கிக்கொண்டே போகும். வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசிய துணியோ காய்ந்ததும் ஓடு மாதிரி ஆகிவிடும், துளியும் விரியாது. உள்ளே சதை வீங்க, வெளியே இடமில்லை. அழுத்தம் ஏற ஏறச் சதைக்குள் போகும் ரத்தம் நிற்கிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் இப்படியே போனால் அந்தச் சதை திரும்ப உயிர் பெறாது. பிறகு சுருங்கி, விரல்களை உள்பக்கமாக இழுத்து மடக்கிவிடும். இதை 1881-ல் விவரமாக எழுதிய ஃபோல்க்மன் ஜெர்மானிய அறுவை மருத்துவர். அவர் குறை சொன்னதும் இறுக்கமான கட்டைத்தான். சுற்றிப் போட்ட எங்கள் மாவுக்கட்டும் இதே கேட்டைச் செய்யும். அதனால்தான் புது முறிவுக்குப் பஞ்சு சுற்றி, ஒரு பக்கம் மட்டும் மாவுப் பட்டை வைத்துத் துணியால் கட்டுகிறோம். முழுக்கட்டு வீக்கம் வடிந்த பிறகுதான்.

நீங்களும் அப்படியே செய்யலாம். முதல் வாரம் பற்றுத் துணியைச் சுற்றிலும் ஒட்டாமல், பஞ்சுக்கு மேல் இரண்டு தப்பை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். மறுநாள் கட்டாயம் வந்து காட்டச் சொல்லுங்கள். ‘பத்து நாள் கழித்து வா’ என்பதுதான் பல கைகளைக் கெடுக்கிறது.

ஆபத்தைக் கண்டுபிடிக்க நாடி பார்ப்பது போதாது. நாடி துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். நோயாளியின் விரல்களை நீங்களே பிடித்து மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். முன்கையில் உயிர் போகிற வலி எடுத்தால், மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடிக்கொண்டே போனால், விரல் மரத்தால், கட்டை உடனே பிரிக்க வேண்டும். மேல் துணியை மட்டும் தளர்த்திவிட்டால் போதாது. தோல் தெரியும்வரை, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அடிப்பஞ்சையும் சேர்த்து வெட்டுங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். இந்த நிலையில் அதற்கு மேல் தூக்கினால் ரத்தம் இன்னும் குறையும். பிறகு 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முழங்கைக்குச் சற்று மேலே முறிந்து வரும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையைத் தொடவே வேண்டாம். முறிந்த முனைக்கு முன்னால்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. இழுத்து உட்காரவைக்கும்போது அது நசுங்கலாம். முழங்கையில் தைலம் போட்டு நீவுவதும் கூடாது. கிழிந்த சதைக்குள் புது எலும்பு வளர்ந்து, மூட்டு மடங்காமல் போய்விடும். அதற்குப் பிறகு எங்களாலும் பெரிதாகச் செய்ய முடிவதில்லை.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் மூலிகைப் பற்று வேண்டாம். சுத்தமான துணியால் மூடி அனுப்புங்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். இடுப்பு முறிந்த முதியவருக்கும் கட்டு உதவாது. வாரக்கணக்கில் படுத்தால் படுக்கைப்புண்ணும் நுரையீரல் சளியும்தான் ஆளைக் கொண்டுபோகும். சர்க்கரை நோயாளியின் காலுக்கு வலி சரியாகத் தெரியாமல் போகலாம். எனவே மேலே சொன்ன வலிக் கணக்கு அவரிடம் செல்லாது.

எத்தியோப்பியாவில் கட்டு வைத்தியர்களுக்கு ஒரே நாள் வகுப்பு நடத்தி, கட்டு இறுகிக் கை கால் அழுகுவதைக் குறைத்திருக்கிறார்கள். இங்கேயும் மாவட்ட மருத்துவமனைகளில் அதை நடத்தலாம், கூப்பிட்டால் வாருங்கள்.

அனுப்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு அடிபட்டது, எத்தனை மணிக்குக் கட்டினீர்கள், எப்போது பிரித்தீர்கள். இந்த நேரங்கள் தெரிந்தால், சதை உறையைத் திறந்து அழுத்தத்தை இறக்கும் அறுவையை உடனே செய்வதா என்று எங்களால் சீக்கிரம் முடிவெடுக்க முடியும். எங்கள் பக்கமும் ஒன்று திருந்த வேண்டியிருக்கிறது. ‘நாட்டுக் கட்டா போட்டே?’ என்று வாசலிலேயே திட்டும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அந்தத் திட்டுக்குப் பயந்து, வலியோடு இரவெல்லாம் வீட்டிலேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள்.